புதிய கேம் கன்சோல்: நெட் எங்கே கட்டாயம், எங்கே தேவையில்லை? முதல் நாளில் செய்ய வேண்டியவை வரிசையாக

புதிதாகக் கன்சோல் வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு கேள்விகள்தான். நெட் இல்லாவிட்டால் இது ஓடுமா? நெட் கொடுத்தால் என்னைப் பற்றி என்னவெல்லாம் வெளியே போகும்?

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது. தகவல் போய்விடுமோ என்ற பயத்தில் நெட்டே கொடுக்காமல் வைத்திருந்து, காசு கொடுத்து வாங்கிய கேம் திறக்காமல் தவிக்கிறார்கள். அல்லது ஆடும் அவசரத்தில் வருகிற திரைக்கெல்லாம் ‘சரி’ அழுத்திவிட்டு, பல மாதம் கழித்துத் தன் உண்மைப் பெயர் யார் யாருக்கோ தெரிவதைப் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள்.

கன்சோலுக்கு நெட் கொடுத்தே ஆக வேண்டிய சில தருணங்கள் உண்டு. அவற்றைச் சரியான வரிசையில் முடித்துவிட்டால், மற்ற நேரமெல்லாம் இணைப்பு உங்கள் கையில் இருக்கும். வரிசை மாறினால் செய்ததையே மறுபடி செய்ய வேண்டிவரும். அதனால் கீழே உள்ளதை எண்படியே செய்யுங்கள்.

1. வாங்கும் முன்: எந்த மாடல், எந்த கேம்

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டையும் முதல்முறை அமைக்கவே இணையம் கட்டாயம். அதைத் தவிர்க்க வழியில்லை. சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் டிரைவே கிடையாது என்பதால், ஒவ்வொரு கேமும் நெட் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

பிளேஸ்டேஷன் 5-இல் நிலைமை மாடலைப் பொறுத்தது. 2020-இல் டிரைவோடு வந்த முதல் மாடலை நெட் இல்லாமலே அமைத்து டிஸ்க் கேம் ஆடலாம். 2023-இல் வந்த மெலிந்த மாடலில் டிரைவ் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது. அந்த டிரைவைக் கன்சோலோடு இணைத்துப் பதிய ஒருமுறை இணையம் வேண்டும். 2024 நவம்பரில் வந்த ப்ரோ மாடலோடு டிரைவே வராது. தனியாக வாங்கி மாட்டினால் அதற்கும் இதே விதிதான். நெட் இல்லாத இடத்துக்கு வாங்குகிறவர்கள், ‘டிஸ்க் மாடல்தானே’ என்று நம்பி எடுத்துப்போய் ஏமாறுவது இங்கேதான்.

2025 ஜூன் 5 அன்று வெளிவந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-ஐ நெட் இல்லாமல் இயக்கத் தொடங்கலாம். ஆனால் பழைய ஸ்விட்ச் கேம்களை ஆடவும், கேம்சாட் (ஆடிக்கொண்டே மற்றவர்களோடு பேசும் வசதி) போன்றவற்றைப் பயன்படுத்தவும் முதல் அப்டேட்டைப் போட்டிருக்க வேண்டும்.

கன்சோலைவிட கேமைப் பார்ப்பது முக்கியம். கடையில் பெட்டியோடு கிடைப்பதெல்லாம் முழு கேம் அல்ல. ஸ்விட்ச் 2-க்கு ‘கேம்-கீ கார்ட்’ என்று ஒரு வகை வருகிறது. அந்தக் கார்டுக்குள் கேம் இருக்காது, அதை டவுன்லோட் செய்வதற்கான சாவி மட்டும்தான் இருக்கும். முதல்முறை நெட் வழியாக இறக்கித் திறந்த பிறகு நெட் வேண்டாம், ஆனால் கார்டு உள்ளே இருந்தாக வேண்டும். பெட்டியின் முன்பக்கத்தில் சாவிப் படத்தோடு அதை அச்சிட்டிருப்பார்கள். சீரிஸ் எக்ஸில் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து டிஸ்க்கைப் போட்டாலும் இதே கதைதான். டிஸ்க் சாவியாக மட்டுமே வேலை செய்யும், கேம் முழுவதும் நெட்டிலிருந்து இறங்கும்.

அடுத்தது, எப்போதும் நெட் கேட்கும் கேம்கள். கிரான் டூரிஸ்மோ 7-இல் தனியாள் பந்தயங்களுக்கும் இணைப்பு வேண்டும். 2022 மார்ச்சில் அதன் சர்வர் ஒரு நாளுக்கு மேல் முடங்கியபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் பெரும்பகுதியை ஆட முடியவில்லை. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். அதை வாங்கியவர்கள் கையில் இப்போது இருப்பது ஓடாத டிஸ்க். இப்படிப்பட்ட கேமை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் ‘இணைய இணைப்பு தேவை’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ‘இணையத்தில் ஆடலாம்’ என்பதும் ‘இணையம் தேவை’ என்பதும் வேறு வேறு.

2. கன்சோலை இயக்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

கணக்கைக் கன்சோலில் தொடங்காதீர்கள். போனிலோ கணினியிலோ முன்கூட்டியே தொடங்குங்கள். கைப்பிடியால் (கன்ட்ரோலரால்) ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும்போது சோர்ந்துபோய்ச் சின்ன பாஸ்வேர்ட் வைப்பவர்கள்தான் அதிகம். நிபந்தனைகளையும் அந்தத் திரையில் யாரும் படிப்பதில்லை.

மின்னஞ்சல்: கேமுக்கென்றே ஒரு தனி முகவரி. வங்கி, வேலை சம்பந்தப்பட்ட முகவரி வேண்டாம். 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷனின் ஆன்லைன் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் ஊடுருவியவர்கள் ஏறத்தாழ 7.7 கோடி கணக்குகளின் தகவல்களை எடுத்துப்போனார்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி, பாஸ்வேர்ட் எல்லாம் அதில் அடக்கம். அப்படி ஒன்று மறுபடி நடந்தாலும், போன பாஸ்வேர்ட் வேறெங்கும் திறக்காதபடி இருக்க வேண்டும்.

இரண்டு படிச் சரிபார்ப்பு: கணக்கைத் தொடங்கிய கையோடு போட்டுவிடுங்கள். முடிந்தால் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் ஆத்தென்டிகேட்டர் செயலி (உள்நுழைவுக் குறியீட்டைப் போனிலேயே உருவாக்கித் தருவது). இதைப் போடும்போது கணக்கு தரும் மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் அவைதான் வழி.

நாடு: பிளேஸ்டேஷன் கணக்கில் தேர்ந்தெடுத்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு நாட்டைப் போட்டால், உங்கள் ஊர்க் கார்டும் பரிசு அட்டையும் அங்கே செல்லாது.

பிறந்த தேதி: குழந்தைக்கான கணக்கில் உண்மையான தேதியையே போடுங்கள். ‘பதினெட்டு என்று போட்டால் தொல்லை இல்லை’ என்று செய்வதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான தவறு. அந்த ஒரு பொய்யால் கன்சோல் அந்தப் பிள்ளையைப் பெரியவராக நினைத்து, முன்பின் தெரியாதவர்களின் செய்திகளுக்கும் குரல் அரட்டைக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. பெற்றோர் கணக்கை முதலில் தொடங்கி, அதன் கீழ் குழந்தைக் கணக்கைச் சேர்ப்பதுதான் முறை. நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. பெற்றோரின் சம்மதம் வாங்காமல் குழந்தைகளின் தகவலைச் சேகரித்ததாக வந்த வழக்கில், 2023-இல் எக்ஸ்பாக்ஸை நடத்தும் மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆகவே இந்தக் காவலை நிறுவனத்திடம் விட்டுவிடாதீர்கள்.

வைஃபை: பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினர் நெட்வொர்க் ஒன்று இருக்கும். கன்சோலை அதில் இணையுங்கள். வந்தவரை முன்னறையோடு நிறுத்துவது போல, வீட்டிலுள்ள கணினி, கேமரா, கோப்புச் சேமிப்பு எதுவும் அதன் கண்ணில் படாது. ஒரு குறை உண்டு: அதே வீட்டிலுள்ள போனுக்கு கேமை ஒளிபரப்பும் வசதி இதில் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அது வேண்டும் என்றால் மட்டும் முதன்மை நெட்வொர்க்குக்கு மாற்றுங்கள்.

பணம்: கார்டு எண்ணைக் கணக்கில் சேமிக்க வேண்டாம். பரிசு அட்டையால் தொகை ஏற்றினால் போதும். கணக்கு திருடுபோனாலும் இழப்பு அந்தத் தொகையோடு நிற்கும்.

3. முதல் இணைப்பு: அப்டேட் முதலில், கணக்கு அப்புறம்

முடிந்தால் முதல் அப்டேட்டுக்கு மட்டும் ரூட்டரிலிருந்து லேன் வயர் மாட்டுங்கள், முடிந்ததும் விருந்தினர் வைஃபைக்கு மாறிக்கொள்ளலாம். முதல் அப்டேட் பெரியது. வைஃபை பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குபவர்கள் நிறைய.

கன்சோல் கணக்கு கேட்கும்போது ‘பிறகு’ என்று தள்ளிப்போட இடமிருந்தால் தள்ளிப்போடுங்கள். பிளேஸ்டேஷனிலும் ஸ்விட்சிலும் இது முடியும். மென்பொருளைப் புதுப்பித்த பிறகு உள்நுழைந்தால், தனியுரிமை செட்டிங்குகளின் இப்போதைய வடிவம் வரும். பழைய மென்பொருளில் செட் செய்துவிட்டு, அப்டேட்டுக்குப் பிறகு வந்த புதிய செட்டிங்குகளைப் பார்க்காமலே விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. எக்ஸ்பாக்ஸில் இந்த வரிசையை அதுவே நடத்திவிடும். அப்டேட் முடிந்த பிறகுதான் கணக்கு கேட்கும்.

4. சம்மதம் கேட்கும் திரைகள்: இங்கே நிதானம் வேண்டும்

இந்தப் பகுதிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பக்கத்தில் ‘எப்போ ஆடலாம்’ என்று கேட்டுக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வெளியே போகும் தகவல் இரண்டு வகை. ஒன்று நிறுவனத்துக்குப் போவது: எந்த கேமை எவ்வளவு நேரம் ஆடினீர்கள், எங்கே பிழை வந்தது, கடையில் எதைப் பார்த்தீர்கள். இன்னொன்று மற்ற ஆட்டக்காரர்களுக்குத் தெரிவது: உங்கள் பெயர், இப்போது இணைப்பில் இருக்கிறீர்களா, என்ன ஆடுகிறீர்கள், நண்பர்கள் யார். இரண்டுக்கும் செட்டிங் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றை மூடிவிட்டு இரண்டும் மூடிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பிளேஸ்டேஷன் 5: செட்டிங்ஸில் ‘யூசர்ஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ்’, அதற்குள் ‘ப்ரைவசி’. ‘டேட்டா யூ ப்ரொவைட்’ என்ற இடத்தில் முழுத் தகவலா, குறைந்த தகவலா என்று கேட்கும். குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். கேம் ஓடுவதில் இதனால் எந்த வித்தியாசமும் இல்லை. அதே ப்ரைவசி பகுதியில் விளம்பரம், பரிந்துரை சார்ந்த ‘பர்சனலைசேஷன்’ இருக்கிறது, அதையும் அணைக்கலாம். மற்றவர்களுக்குத் தெரிவதைக் கட்டுப்படுத்த, முன்பே அமைத்துவைத்த நான்கு நிலைகள் தருகிறார்கள். ‘சோலோ அண்ட் ஃபோகஸ்ட்’ என்பதுதான் மிக இறுக்கமானது. முதலில் அதில் தொடங்கி, தேவைப்பட்டதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். எல்லாம் திறந்திருக்கும் நிலையிலிருந்து மூடிக்கொண்டு வந்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். உண்மைப் பெயரை யார் பார்க்கலாம் என்ற வரியை மட்டும் தனியாக ஒருமுறை சரிபாருங்கள்.

எக்ஸ்பாக்ஸ்: செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்’, அதற்குள் ‘ப்ரைவசி அண்ட் ஆன்லைன் சேஃப்டி’. ‘எக்ஸ்பாக்ஸ் ப்ரைவசி’யில் குழந்தை, பதின்வயது, பெரியவர் என முன்பே அமைத்துவைத்த மூன்று நிலைகள். பெரியவராக இருந்தாலும் விவரங்களுக்குள் போய் ஒவ்வொரு வரியாக மாற்றலாம். நிறுவனத்துக்குப் போகும் கூடுதல் தகவலை நிறுத்துவது இதே பகுதியின் ‘டேட்டா கலெக்‌ஷன்’ பக்கத்தில். கட்டாயத் தகவல் எப்படியும் போகும், விருப்பத் தகவலைத்தான் நிறுத்த முடியும். அதோடு, ஆட்டத்தில் எடுத்த படங்களும் வீடியோக்களும் தானாகவே நெட்டில் ஏறாதபடி ‘கேப்சர் அண்ட் ஷேர்’ பகுதியிலும் மாற்றிவிடுங்கள்.

ஸ்விட்ச் 2: உங்கள் ப்ரொஃபைலுக்குள் போய், ஆட்ட விவரம் யாருக்குத் தெரியலாம் என்பதில் ‘யாருக்கும் வேண்டாம்’ என்று வையுங்கள். ஈஷாப்பை (நிண்டெண்டோவின் ஆன்லைன் கடை) திறந்து அங்கேயும் ஒருமுறை பாருங்கள். கடையில் நீங்கள் பார்ப்பது கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற கண்காணிப்புச் சேவைக்குப் போவதை நிறுத்தும் செட்டிங் அதற்குள்தான் இருக்கிறது. கன்சோலின் பொது செட்டிங்ஸில் தேடினால் கிடைக்காது.

வீட்டில் இரண்டு மூன்று பேர் ஆடினால், இவையெல்லாம் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி. அப்பாவின் கணக்கில் மூடியது மகளின் கணக்கில் திறந்தே இருக்கும்.

5. மைக், கேமரா

பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் கைப்பிடிக்குள்ளேயே மைக் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆன்லைன் கேமைத் திறந்ததும் வீட்டில் பேசுவதெல்லாம் மற்ற ஆட்டக்காரர்களுக்குக் கேட்கக்கூடும். பிஎஸ் பொத்தானுக்குக் கீழே சின்னதாக ஒரு பட்டைப் பொத்தான் உண்டு. அதை அழுத்தி, ஆரஞ்சு விளக்கு எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நினைவு வைத்து அழுத்துவது நடக்காத காரியம். ‘சவுண்ட்’ பகுதியில் மைக்ரோஃபோனுக்குள் போய், உள்நுழையும்போதே மைக் அணைந்திருக்கும்படி மாற்றிவிடுங்கள். பேச வேண்டும் என்றால் அப்போது பொத்தானை அழுத்திக்கொள்ளலாம்.

ஸ்விட்ச் 2-இல் மைக் கன்சோலிலேயே இருக்கிறது. கேமரா தனியாக வாங்க வேண்டும். சி பொத்தான் கேம்சாட்டைத் திறக்கும். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் பயன்படுத்த, பெற்றோர் தங்கள் போன் செயலி வழியாக அனுமதிக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோலிலும் கைப்பிடியிலும் மைக்கே இல்லை, ஹெட்செட் மாட்டினால்தான் குரல் போகும்.

6. கேம்களின் உரிமத்தை இந்தக் கன்சோலில் நிலைநிறுத்துங்கள்

நெட் போன நாளில் கேம் திறக்குமா, பூட்டுப் படம் வருமா என்பதைத் தீர்மானிக்கும் படி இதுதான். ஆன்லைன் கடையிலிருந்து இறக்கிய கேமுக்கு ஓர் உரிமம் உண்டு. அதை நிறுவனத்தின் சர்வரில் கேட்டுச் சரிபார்ப்பதா, கன்சோலே சரிபார்த்துக்கொள்வதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பிளேஸ்டேஷன் 5-இல் ‘யூசர்ஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ்’, ‘அதர்’, ‘கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே’. எக்ஸ்பாக்ஸில் ‘ஜெனரல்’, ‘பர்சனலைசேஷன்’, ‘மை ஹோம் எக்ஸ்பாக்ஸ்’. அங்கே போய் இதை இயக்கிவிடுங்கள். 2025 பிப்ரவரி 7-இல் தொடங்கி ஏறத்தாழ ஒரு நாள் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் உலகம் முழுக்க முடங்கியது. இந்த செட்டிங் போட்டிருந்தவர்கள் தனியாள் கேம்களைத் தொடர்ந்து ஆடினார்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, நண்பரோடு கேமைப் பங்குபோட வேண்டி உரிமத்தை அவருடைய கன்சோலுக்கு மாற்றிக் கொடுப்பது. ஒரு கணக்குக்கு ஒரு கன்சோல்தான் இப்படி இருக்க முடியும். அதை அவரிடம் கொடுத்துவிட்டால், உங்கள் வீட்டில் நெட் போகும்போது நீங்கள் காசு கொடுத்த கேம் உங்களுக்கே திறக்காது. எக்ஸ்பாக்ஸில் ஹோம் கன்சோலை மாற்ற ஆண்டுக்கு ஐந்து முறைதான் வாய்ப்பு.

ஸ்விட்சில் இப்போது விர்ச்சுவல் கேம் கார்ட் முறை வந்திருக்கிறது, நெட்டில் வாங்கிய கேமையும் ஒரு கார்டு போல நடத்துவது. கார்டு எந்தக் கன்சோலில் ஏற்றப்பட்டிருக்கிறதோ அங்கே நெட் இல்லாமல் ஆடலாம். ஆனால் ஏற்றவும் வெளியே எடுக்கவும் நெட் வேண்டும். பயணத்துக்குக் கிளம்பும் முன் கார்டு எந்தக் கன்சோலில் இருக்கிறது என்று பாருங்கள். ‘ஆன்லைன் லைசென்ஸ்’ என்ற இன்னொரு வசதியும் உண்டு. அதில் ஆடும்போது நெட் இருந்தே ஆக வேண்டும்.

சந்தா கேம்கள் இதில் சேராது. அவை அவ்வப்போது சர்வரிடம் போய்க் கேட்கும். நிண்டெண்டோவின் ஆன்லைன் சந்தாவில் வரும் பழைய கேம்கள் அதிகபட்சம் ஏழு நாள் நெட் இல்லாமல் ஓடும்.

7. இறக்குங்கள், புதுப்பியுங்கள், ஒருமுறை திறந்து பாருங்கள்

டவுன்லோட் முடிந்ததும் கன்சோலை அணைத்துவிடாதீர்கள். நெட் இருக்கும்போதே ஒவ்வொரு கேமையும் திறந்து, முதல் காட்சியைத் தாண்டி, கட்டுப்பாடு உங்கள் கைக்கு வரும் வரை ஆடுங்கள். சில கேம்கள் முதல்முறை திறக்கும்போதுதான் மீதிக் கோப்புகளை இறக்கும், வெளியீட்டாளரின் கணக்கில் உள்நுழையச் சொல்லும். அந்தக் கணக்கு கேட்கும் திரையில் ‘தவிர்’ என்று பொத்தான் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதற்கும் அந்தத் தனி மின்னஞ்சலையே கொடுங்கள்.

8. வயரைப் பிடுங்கிச் சோதியுங்கள், திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டும் முன்

இந்தச் சோதனையைச் செய்பவர்கள் குறைவு. ஆனால் முன்னால் செய்த எல்லாம் சரியா என்று சொல்வது இது ஒன்றுதான்.

வைஃபையை அணைத்தால் மட்டும் போதாது. கன்சோலை முழுவதுமாக அணைத்து, மின்வயரைச் சுவரிலிருந்து எடுத்து, சில நிமிடம் விடுங்கள். தூங்கும் நிலையிலிருந்து எழுப்பினால், பழைய உள்நுழைவு நினைவில் இருக்கும். அதை வைத்து கேம் திறந்துவிடும். எல்லாம் சரி என்று நம்பிவிடுவீர்கள். லேன் வயரும் இல்லாமல், வைஃபையும் இல்லாமல் புதிதாக இயக்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு கேமிலும் சேமித்த இடத்திலிருந்து தொடர முடிகிறதா என்று பாருங்கள். முகப்புத் திரை வந்துவிட்டது என்று திருப்திப்பட வேண்டாம். சில கேம்கள் ஆட்ட வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் இணைப்பைக் கேட்கும்.

பூட்டுப் படம் வந்தால் ஆறாவது படி விட்டுப்போயிருக்கிறது. ‘இணைப்பு தேவை’ என்று கேமே சொன்னால் அது கேமின் விதி, கன்சோலில் மாற்ற எதுவும் இல்லை. டிஸ்க்கையே படிக்கவில்லை என்றால் கழற்றி மாட்டும் டிரைவ் பதிவாகாமல் இருக்கலாம். மூன்றும் வேறு வேறு கோளாறுகள். வேறுபாடு தெரியாமல் கன்சோலை ரீசெட் செய்துவிட்டு, இறக்கியதையெல்லாம் மறுபடி இறக்குபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

9. தூங்கும்போது என்ன செய்கிறது?

பொத்தானை அழுத்தி விளக்கு மங்கினால் கன்சோல் அணைந்துவிட்டது என்று பொருளல்ல. பிளேஸ்டேஷன் 5-இல் ‘ரெஸ்ட் மோட்’ நிலையில் நெட்டோடு தொடர்பில் இருக்கலாம் என்ற செட்டிங் ‘பவர் சேவிங்’ பகுதியில் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸில் ‘ஸ்லீப்’ நிலையும் அப்படித்தான். ‘ஷட்டவுன்’ நிலைக்கு மாற்றினால் இயக்கச் சற்று நேரமாகும்.

எல்லா நேரமும் துண்டித்தே வைத்திருப்பது நல்லது என்று சொல்ல மாட்டேன். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அப்டேட்கள்தான். வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ நீங்களே ஒரு நேரம் வைத்து, நெட் கொடுத்து, அப்டேட் போட்டு, சேமித்த ஆட்டங்களுக்கு நகல் எடுத்துவிட்டு மறுபடி துண்டிக்கலாம். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு நான்காவது படியின் திரைகளை ஒருமுறை திறந்து பாருங்கள். புதிய வசதியோடு புதிய செட்டிங் ஒன்று, நிறுவனம் முடிவுசெய்த நிலையில், அங்கே காத்திருக்கக்கூடும்.

10. கன்சோல் வேறு கைக்குப் போகும் முன்

இங்கேயும் வரிசைதான் முக்கியம். முதலில் நெட் கொடுத்து, ஆறாவது படியில் போட்ட உரிம செட்டிங்கை அணையுங்கள். ஸ்விட்ச் என்றால் விர்ச்சுவல் கார்டுகளைக் கன்சோலிலிருந்து வெளியே எடுங்கள். பிறகு சேமித்த ஆட்டங்களை வெளியே எடுங்கள். கடைசியில்தான் முழு ரீசெட். முதலிலேயே அழித்துவிட்டால், இல்லாத கன்சோலின் பெயரில் உரிமம் நின்றுகொண்டிருக்கும். அப்புறம் இணையதளம் வழியாக நீக்க வேண்டும்.

பிளேஸ்டேஷன் 5-இல் ‘சிஸ்டம் சாஃப்ட்வேர்’ பகுதியில் ‘ரீசெட் ஆப்ஷன்ஸ்’. எக்ஸ்பாக்ஸில் ‘கன்சோல் இன்ஃபோ’ பக்கத்தில் ‘ரீசெட்’, அதில் எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள், கேம்களை வைத்துக்கொள் என்பதை அல்ல. ஸ்விட்சில் ‘ஃபார்மேட்டிங் ஆப்ஷன்ஸ்’. மெமரி கார்டையும் வெளியில் மாட்டிய டிரைவையும் கழற்றிக்கொள்ளுங்கள், ரீசெட் அவற்றைத் தொடாது.

நீங்கள் பழைய கன்சோல் வாங்குகிறவராக இருந்தால், பணம் கொடுக்கும் முன் விற்பவர் முன்னாலேயே நெட்டில் இணைத்துப் பாருங்கள். விதிமீறலுக்காக நிறுவனம் தடைசெய்த கன்சோல் ரீசெட் செய்தாலும் தடையிலேயே இருக்கும், நெட் கொடுக்கும் வரை அது வெளியே தெரியாது. தடை இல்லை என்று உறுதியானால் இரண்டாவது படியிலிருந்து தொடங்குங்கள்.